வளைவுக்கு எது வேண்டும்: வேலியா, கோடா, பிரேக்கா?

ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்த மறுவாரம் மலையகத்தில் எந்த ஊரிலும் நடப்பது ஒன்றுதான். கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ கூட்டம் கூடும். "அந்த வளைவுக்கு இரும்பு வேலி போட்டுத் தாருங்கள்" என்று மகஜர் எழுதி எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள். செத்தவர்களின் வீட்டில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வேலி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் பிரதேச சபையிடமும் வீதித் திணைக்களத்திடமும் இருக்கும் பணம் எப்போதும் எட்டாத பணம்தான். அதை எதில் போட்டால் அடுத்த பஸ் விழாது என்பதை மகஜர் எழுதுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளின் நான்கு விபத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2021 மார்ச் 20, பசறை 13ஆம் கட்டை: மேலிருந்து சரிந்து விழுந்த பாறை ரோட்டைக் குறுக்கியிருந்த இடத்தில் பஸ் விளிம்பைத் தாண்டியது. 2023 ஜனவரி 20, நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதை: செங்குத்தான இறக்கத்தில் வந்த பஸ் எதிரே வந்த வேனிலும் ஓட்டோவிலும் மோதி, 7 பேர் போனார்கள். 2025 மே 11, றம்பொடை கெரண்டி எல்ல: கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் அதிகாலையில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4, எல்ல–வெல்லவாய வீதி: இரவில் வந்த சுற்றுலா பஸ் இன்னொரு வாகனத்தில் பட்டு, பிறகு பாதுகாப்பு வேலியிலும் மோதி, அதையும் தாண்டிப் பள்ளத்தில் போய் 15 பேரின் உயிரைக் கொண்டுபோனது.

கடைசி இடத்தில் வேலி இருந்தது. பசறையில் முதலில் அகற்றியிருக்க வேண்டியது பாறை. ரதெல்லயில் கேள்வி இறக்கமும் பிரேக்கும். அதிகாலை விபத்தென்றால் சாரதி எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதை முதலில் கேட்க வேண்டும். நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. எனவே ஒவ்வொரு வழியையும், அது எந்தத் தவறைத் தடுக்கிறது, எந்தத் தவறை விட்டுவிடுகிறது என்று பார்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் இடத்தைப் படியுங்கள்

நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பள்ளம் இடது கையில் இருக்க, ரோட்டு வலப்பக்கம் திரும்பினால், வேகம் கூடிய வண்டி நேராகப் பள்ளத்துக்கே போகும். மலை மூக்கைச் சுற்றிப் போகும் வளைவுகள் இப்படிப்பட்டவை. ஓடை இறங்கும் மடிப்புகளில் பாதை உள்வாங்கி வளையும். அங்கே பள்ளம் வளைவின் உட்பக்கம் இருக்கும், வழுக்கும் வண்டி மலையில்தான் முட்டும். அந்த இடத்தில் பயப்பட வேண்டியது மதகின் சிறிய கைப்பிடிச் சுவருக்கும் திறந்த கானுக்கும். ஒரு பாதையில் 30 வளைவு இருந்தால் அவற்றில் வெளிப்புறப் பள்ளமுள்ள வளைவுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். எல்லாம் அப்படி இராது. அதிலும் நீண்ட இறக்கத்துக்குப் பின் வரும் முதல் கூர் வளைவுதான் மிக ஆபத்தானது. சமமான ரோட்டிலிருந்து வந்து நுழையும் வளைவில் சாரதிக்கு வேகம் தெரியும். இறக்கத்தில் வந்தவருக்கு அது தெரியாமல் கூடியிருக்கும்.

வேலியும் மதிலும்

நாம் ரோட்டோரம் காணும் அலைவடிவ இரும்புத் தகட்டு வேலி, பெரும்பாலும் காரை நிறுத்தச் செய்யப்பட்டது. ஐரோப்பியத் தரத்தில் என்2 வகை வேலியை 1,500 கிலோ காரை மணிக்கு 110 கிலோமீற்றரில் 20 பாகைக் கோணத்தில் மோதவிட்டுச் சோதிப்பார்கள். அது தாங்கும் சக்தி சுமார் 82 கிலோஜூல். பஸ்ஸுக்கென உள்ள எச்2 வகையை 13 தொன் பஸ்ஸை 70 கிலோமீற்றரில் அதே கோணத்தில் மோதவிடுவார்கள். அது சுமார் 287 கிலோஜூல். மூன்றரை மடங்கு வித்தியாசம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும்.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம். ஆட்கள் நிறைந்த 14 தொன் பஸ் ஒன்று 20 பாகையில் வேலியில் பட்டால், மணிக்கு 60 கிலோமீற்றரில் சுமார் 227 கிலோஜூல், 40இல் 101, 30இல் 57. வேகத்தைப் பாதியாக்கினால் அடி கால்வாசியாகிறது. 60இல் வந்த பஸ்ஸைச் சாதாரண வேலி பிடிக்காது. 30இல் வந்த பஸ்ஸைப் பிடித்துத் திருப்பிவிட வாய்ப்புண்டு. வேலியின் பலத்தை வேகத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலை எதுவும் செய்யாமல் வேலி மட்டும் போடுவது பாதிப் பணத்தைப் பள்ளத்தில் போடுவது. பஸ்ஸின் எடைமையம் வேலியின் மேல் விளிம்பைவிட உயரத்தில் இருப்பதால் மோதிய பிறகு உருண்டு தாண்டும் ஆபத்தும் இருக்கிறது. எல்லயில் நடந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வேலி போடுவது என்று முடிவானால் பிழை எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பத்தின் பின்னால் கெட்டி மண் வேண்டும், குறைந்தது இரண்டடி. நம் ரோட்டில் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஓரடிகூட இருக்காது. அங்கே கம்பத்தைச் சாதாரண ஆழத்தில் நட்டால் அடிபட்டதும் மண்ணோடு பெயர்ந்து போகும். நீளமான கம்பமோ, தாங்குசுவரோடு கட்டிய கொங்கிரீட் அடித்தளமோ இல்லாவிட்டால் அங்கே வேலி ஒரு அலங்காரம்தான். தகடு சாதாரணமாக ஒரு மீற்றர் அளவுக்குப் பின்னால் வளைந்துதான் வண்டியைப் பிடிக்கும். அந்த ஒரு மீற்றரும் வெறும் காற்றாக இருந்தால் சில்லு கீழே இறங்கிவிடும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திசை போக்குவரத்தின் திசையோடு இருக்க வேண்டும், எதிராக இருந்தால் முனை வண்டியைக் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். வேலியின் தொடக்கத்தை மலைப்பக்கம் வளைத்துப் புதைக்காமல் அப்படியே விட்டால் அது ஈட்டியாகி வேனுக்குள் ஏறும். மதகுச் சுவருக்கும் வேலிக்கும் இடையே நாலடி இடைவெளி விட்டால் வண்டி சரியாக அந்த இடைவெளியில்தான் நுழையும். பார்வையிடப் போகிறவர்கள் முதலில் இந்த இடைவெளியைத் தேடுங்கள்.

கொங்கிரீட் மதில் வளையாது, பின்னால் இடம் கேட்காது, திருடவும் முடியாது. குறுகிய விளிம்புக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அதன் எடை முழுவதும் கீழேயுள்ள கருங்கல் கட்டின்மேல் உட்காரும். பழைய கட்டின் வயிறு வெளியே தள்ளியிருந்தால், அல்லது ரோட்டின் விளிம்பில் நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருந்தால், முதலில் கட்டைச் சரிசெய்ய வேண்டும். மதிலில் தண்ணீர் போக வழி விடாவிட்டால் மழைநீர் ரோட்டிலேயே ஓடி, வழுக்கலையும் மண்சரிவையும் மதிலே கொண்டுவரும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ரோட்டுக்கு மேல் ரோட்டாகத் தார் போடும்போது ஒவ்வொரு முறையும் 5 சென்ரிமீற்றர் உயர்ந்தால், மூன்று முறையில் மதிலும் வேலியும் 15 சென்ரிமீற்றர் குட்டையாகிவிடுகின்றன. வெள்ளைக்காரன் காலத்துக் கல்மதில்கள் இன்று முழங்காலுக்குக் கீழே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தார் போடும் ஒப்பந்தத்திலேயே வேலியை உயர்த்தும் வேலையையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

வட்டக் கண்ணாடி

மலிவு, ஒரே நாளில் நட்டுவிடலாம், ஆகவே எல்லோரும் கேட்பது. ஆனால் குவிந்த கண்ணாடியில் எதிரே வரும் லொறி சிறிதாகவும் தூரத்திலும் இருப்பதாகத் தெரியும். அதிகாலையில் கண்ணாடியில் பனிநீர் படிந்திருக்கும், மூடுபனியில் எதுவும் தெரியாது, துடைக்க ஆளும் இருக்காது. தோட்டப் பாதை பிரதான வீதியில் ஏறும் மறைவான முனைக்கு அது உதவும். அங்கே வண்டி நின்று பார்த்துவிட்டு ஏறுகிறது. ஓடிக்கொண்டே நுழையும் வளைவுக்கு அதை நம்பக் கூடாது.

கோடு, அம்புப் பலகை, ஒளிதெறி குமிழ்

எங்கள் கருத்தில் மலைநாட்டில் ரூபாய்க்கு அதிக உயிரைக் காப்பது இதுதான். பார்ப்பதற்குப் பெரிதாக இல்லாததால் மகஜரில் இடம்பெறுவதில்லை.

ஈர ரோட்டில் 8 சதவீத இறக்கத்தில் சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீற்றரில் நிற்கச் சுமார் 24 மீற்றர் தேவை, 40இல் 36, 50இல் 50க்கும் மேல். நானுஓயாவிலும் பட்டிப்பொலையிலும் பனிமூட்டம் இறங்கும்போது 30 மீற்றர் தெரிந்தால் அதிர்ஷ்டம். அந்த 30 மீற்றருக்குள் ரோட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாததால்தான் பல வண்டிகள் விளிம்புக்குப் போகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் இரும்பு வேலியைவிட ஒரு கோடு பெரிய வேலை செய்யும்.

விளிம்புக் கோடு 10 சென்ரிமீற்றர் அகலத்தில், உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்ரிக்கில், மேலே கண்ணாடி மணி தூவிப் போட வேண்டும். மணி இல்லாத எனாமல் பெயின்ற் பகலில் அழகாக இருக்கும், இரவு மழையில் தண்ணீர்ப் படலத்துக்கு அடியில் மறைந்துபோகும். கறுப்பு வெள்ளைக் கட்டைகளும் அப்படித்தான், ஒரே மாரியில் பாசி மூடிவிடும். அம்புப் பலகைகளை வளைவின் வெளிப்புறத்தில், வரும் சாரதிக்கு ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு தெரியும்படி அடுத்தடுத்து நடுங்கள். பலகையில் ஒட்டிய ஒளிதெறிக்கும் தாள் நல்லதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இருட்டிய பின் 50 மீற்றர் தள்ளி நின்று, கைபேசி விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் ஒப்பந்தக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

ஒளிதெறி குமிழ், நம்மவர்கள் கெட்ஸ் ஐ என்பது, மூடுபனிக்கென்றே பிறந்த பொருள். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பேர்சி ஷோ அதைக் கண்டுபிடித்து 1934இல் காப்புரிமை பெற்றார். நேர்ப் பாதையில் 18 மீற்றருக்கு ஒன்று, வளைவிலும் பனி மூடும் இடத்திலும் 9 மீற்றருக்கு ஒன்று என்பது அங்குள்ள வழக்கம். நம் ஊரில் அது தோற்பதற்குக் காரணம் பசையும் தாரும். வெடித்த பழைய தாரில் ஒட்டினால் டிப்பர் ஏறியதும் தாரோடு பெயர்ந்து வரும். ஆகவே புதிதாகத் தார் போட்ட வீதிக்கே குமிழ், பழைய வீதிக்குக் கோடும் பலகையும் போதும்.

வேகத்தடைத் திட்டு பற்றி ஒரு வார்த்தை. பாடசாலை வாசலுக்கும் லயன் வீடுகள் ரோட்டை ஒட்டியிருக்கும் சமமான இடத்துக்கும் அது சரி. இறக்கத்தின் நடுவிலோ வளைவுக்குள்ளோ போடக் கூடாது. பிரேக் ஏற்கெனவே சூடாகியுள்ள பஸ்ஸை மேலும் பிரேக் போட வைக்கும், மோட்டார் சைக்கிளை ஈரத்தில் விழுத்தும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வளைவுக்கு முன்னே, நேர்ப் பாதையில், மெல்லிய அதிர்வுக் கோடுகளாகப் போடுங்கள்.

இறக்கமும் பிரேக்கும்

ரோட்டில் என்ன செய்தாலும் பிரேக் போன பஸ்ஸுக்கு அது போதாது. இந்தப் பகுதி பஸ் உரிமையாளர்களுக்கும், ஸ்கூல் வேன் சாரதிகளுக்கும், கோயில் யாத்திரைக்கும் சிவனொளிபாதமலைக்கும் பஸ் பேசும் குழுக்களுக்கும் உரியது. இங்கே செலவு மிகக் குறைவு.

எல்லயிலிருந்து வெல்லவாய வரை வீதி 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. 14 தொன் பஸ் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 30 மின் அலகு. 8 சதவீத இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தை அப்படியே பிடித்து வைக்க 80 முதல் 90 கிலோவாட் வெப்பம் எங்காவது போயாக வேண்டும். 80 மின் இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் எரிய விட்டதுபோல. அது என்ஜின் வழியாகப் போனால் ரேடியேற்றரும் சைலன்சரும் வாங்கிக்கொள்ளும். பிரேக் வழியாகப் போனால் ட்ரம் சூடாகி விரியும், லைனர் பிடிப்பை இழக்கும், காற்றழுத்தத்தில் இயங்கும் எயார் பிரேக்கின் தள்ளுகோல் தன் எல்லை வரை நீண்டு நிற்கும். அதற்கு மேல் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. "பிரேக் பிடிக்கவில்லை" என்று சாரதி சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உடைந்த பாகம் எதுவும் பிறகு கிடைக்காது, ஏனென்றால் ட்ரம் ஆறியதும் பிரேக் மறுபடி பிடிக்கும்.

ஆகவே ஏறப் பயன்படும் கியரிலேயே இறங்க வேண்டும், அதை இறக்கம் தொடங்குமுன்பே போட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் குறைக்க முயன்றால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் நிற்கும் ஆபத்து உண்டு. எக்ஸோஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இருந்தால் மேலேயே போட்டுவிடுங்கள். வேலை செய்யாமல் மாதக்கணக்கில் கிடக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைத் திருத்தும் செலவு, ஒரு நாள் வருமானத்தோடு ஒப்பிடக்கூடியதே தவிர ஒரு பஸ்ஸோடு ஒப்பிடக்கூடியதல்ல. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது பெரிய பிழை. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேற்றரில் கால் இல்லாவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் ஓட டீசல் தேவை. போதாததற்கு என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் கொம்பிரசர் காற்றைத் திரும்ப நிரப்பவும் பிந்தும்.

மிதித்து மிதித்து விடுவதும் காற்றைக் காலி செய்யும். வேகம் கூடும்போது ஒரு முறை உறுதியாக மிதித்து, வேண்டிய வேகத்துக்குக் கீழே 5 கிலோமீற்றர் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். கருகிய மணம் வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட ஆழம் போனாலோ அகலமான இடத்தில் நிறுத்திக் கட்டை வையுங்கள், 20, 30 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான ட்ரமில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும்.

வேனுக்கும் ஓட்டோவுக்கும் எண்ணெய்ப் பிரேக். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறியதும் 140 வரை இறங்கலாம். நுவரெலியா ஈரத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவது அவசியம்.

உச்சியில் ஐந்து நிமிடம் நிறுத்தும் இடம் ஒன்றை ஒதுக்குவதும், பிரேக் போன வண்டியை நிறுத்தச் சரளைக்கல் படுகை அமைப்பதும் அடிக்கடி ஒப்பிடப்படுகின்றன. உருண்டைச் சரளையில், மணிக்கு 80 கிலோமீற்றரில் வரும் வண்டியை நிறுத்தச் சமதரையில் சுமார் 100 மீற்றரும், 10 சதவீதம் ஏறும் படுகையில் சுமார் 72 மீற்றரும் வேண்டும். நம் மலைச் சரிவில் அந்த நீளத்துக்கு நேரான நிலம் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. கிடைத்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். கிடைக்காத இடத்தில் உச்சியில் நிறுத்துமிடம், இறக்கத்தின் நீளத்தையும் கியரையும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும் பெரிய பலகை. தென்பகுதியிலிருந்து வரும் சாரதிக்கு அந்த இறக்கம் 6 கிலோமீற்றரா 20 கிலோமீற்றரா என்று யார் சொல்வது?

பட்டியும், நடப்பவர்களும்

உருளும் பஸ்ஸில் பலர் வெளியே வீசப்பட்டு, பஸ்ஸுக்கு அடியிலேயே அகப்படுகிறார்கள். ஆசனப்பட்டி அதைத் தடுக்கும். ஆனால் ஆசனத்தின் கால் பலகைத் தளத்தில் ஆணியோடு நின்றால் பட்டி ஆளையும் ஆசனத்தையும் சேர்த்தே கழற்றும். சட்டகத்தோடு பூட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நின்றுகொண்டு போகும் உள்ளூர் பஸ்ஸுக்கு இது உதவாது. தூரப் பயண பஸ், சுற்றுலா பஸ், ஸ்கூல் வேன் இவற்றுக்கே பணத்தைப் போடுங்கள்.

பள்ளத்தில் விழும் பஸ்ஸே செய்தியாகிறது. நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட வீதி மரணங்களில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். தோட்டப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் வீதியில் கானுக்கு மேல் கொங்கிரீட் பலகை மூடினால் மூன்றடி நடைபாதை கிடைக்கும், திறந்த கானில் சில்லு இறங்குவதும் நிற்கும். ஒரு செலவில் இரண்டு பயன் தரும் வேலை இதைவிட வேறு இல்லை.

பணம் குறைவென்றால் எந்த வரிசை

எங்கள் தீர்ப்பு இது. முதலில் பாதை முழுவதும் விளிம்புக் கோடும் வெளிப்பள்ள வளைவுகளுக்கு அம்புப் பலகையும். கூடவே செலவில்லாத ஒன்று: ஒவ்வொரு கூர் வளைவுக்கும் எண் எழுதுங்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பவர் "9ஆம் வளைவு" என்று சொன்னால் இருட்டில் தேடும் நேரம் மிஞ்சும். இரண்டாவது, இறக்கத்தின் உச்சியில் நிறுத்துமிடமும் பலகையும். மூன்றாவது, பாடசாலைப் பக்கம் கான் மூடல். வேலியும் மதிலும் நான்காவது: அதுவும் நீண்ட இறக்கத்தின் முடிவில் வெளிப்பள்ளம் உள்ள இரண்டோ மூன்றோ வளைவுகளுக்கு மட்டும், பஸ்ஸைத் தாங்கும் வகையில். நூறு மீற்றர் பலமான வேலி, ஒரு கிலோமீற்றர் தகட்டைவிட மேல். ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே வளைவில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் விழுந்திருந்தால் வரிசையைப் பார்க்காதீர்கள், மதிலையே முதலில் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் காலம் வீணாகிறது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, சீ, டீ தரம் மாகாணத்துடையவை, சிறு வீதிகள் பிரதேச சபையுடையவை. தோட்ட உள்வீதிக்குச் சபைப் பணம் செலவிட முடியாது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கிவிட்டது என்று பதில் சொல்லுங்கள்.

தெர்மோபிளாஸ்ரிக் காய்ந்த ரோட்டில்தான் ஒட்டும். நுவரெலியாப் பக்கம் அதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் வசந்தகால வண்டிகள் ஏறிவிடும், மே மாதம் தென்மேற்கு மழை. சபையின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும். எனவே எந்த வளைவு, எத்தனை மீற்றர் கோடு, எத்தனை பலகை என்று அளந்து எழுதிய கடிதம் ஒக்டோபருக்குள் தவிசாளர் கையில் இருக்க வேண்டும்.